பூட்டனாரின் முதல் மனைவியைத் தேடுதல்: யாழ்ப்பாணத்து ஆவணங்களில் இரண்டாந்தாரத்தின் தடயங்கள்

யாழ்ப்பாணத்துச் சைவக் குடும்பங்களில் தந்தையை இழந்தவர் ஆடி அமாவாசையிலும் தாயை இழந்தவர் சித்திரா பூரணையிலும் விரதம் பிடிப்பது வழக்கம். ஆகவே, தாம் ‘அம்மா’ என்று அழைத்த பெண் வீட்டில் உயிரோடு இருந்தபோதே உங்கள் பாட்டனார் சித்திரா பூரணை விரதம் பிடித்து வந்தார் என்று மூத்தவர் ஒருவர் சொன்னால், அவரைப் பெற்ற தாய் வேறொருவர் என்பதும் அந்தத் தாய் முன்பே காலமாகிவிட்டார் என்பதும் அந்த ஒரு செய்தியிலேயே அடங்கியிருக்கின்றன. என் பூட்டனார் இரண்டு முறை மணம் செய்தவர் என்பதை நான் அறிந்துகொண்டதும் இந்த வழியில்தான்.

பிள்ளைப்பேற்றில் தாய் இறப்பது அரிதாக இல்லாத அந்தக் காலத்தில், சிறு பிள்ளைகளோடு தனித்துப்போன ஆண் மறுமணம் செய்வதை எவரும் குறையாகக் கருதவில்லை. பல வீடுகளில் இறந்த மனைவியின் தங்கையையே மணம் முடித்து வைத்தார்கள். பிள்ளைகளும் அவரை முன்புபோலவே ‘சின்னம்மா’ என்று அழைத்தார்கள். எவரும் எதையும் மறைக்க வேண்டியிராமலே, இரண்டு தலைமுறை கழிவதற்குள் முதல் மனைவியின் பெயர் பேச்சிலிருந்து உதிர்ந்துவிடுகிறது. அந்தப் பெயரை மீட்பதே இத்தேடலின் உண்மையான பயன் என்று நான் கருதுகிறேன்.

முதலில் மூத்தவர்களிடம் பேசுங்கள். ‘அவர் இரண்டாந்தாரம் கட்டினவரா?’ என்று நேராகக் கேட்பதைத் தவிர்த்து, பெரியப்பா எந்த வீட்டில் வளர்ந்தார், அவருடைய தாய்மாமன் யார், வீட்டில் எந்தெந்தத் திதியில் திவசம் கொடுத்தார்கள் என்று கேளுங்கள். ஒரு சகோதரர் மட்டும் அம்மம்மா வீட்டில் வளர்ந்திருந்தால் அதனைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். அதன் காரணம் பின்னர் புலப்படும்.

பெயர்களைப் பொறுத்தவரை ஓர் எச்சரிக்கை. நம்மவர் பெயருக்கு முன் தந்தை பெயரின் முதலெழுத்தையே இடுவதால், தந்தை மறுமணம் செய்த வீட்டில் இரு தாரத்துப் பிள்ளைகளுக்கும் ஒரே முதலெழுத்துத்தான் வரும். விதவையான தாய் மறுமணம் செய்திருந்தால் சகோதரர்களின் முதலெழுத்துகள் வேறுபட்டு நிற்கும். அதை எளிதில் கண்டுபிடித்துவிடலாம். பிள்ளைகளின் வயதுக்கிடையே ஏழெட்டு ஆண்டு இடைவெளி இருந்தால் அதுவும் ஒரு தடயமே. ஆயினும் தகப்பன் மலாயாவில் உத்தியோகம் பார்த்த குடும்பங்களில் இத்தகைய இடைவெளி தானாகவே விழும்.

அடுத்தது பதிவுகள். இலங்கையின் விவாகப் பதிவில் மணமக்களின் வயது, தொழில், வதிவிடம், தந்தையின் பெயர் ஆகியவற்றோடு அவர்களது முந்தைய விவாக நிலையும் எழுதப்படும். மணமகன் மனைவியை இழந்தவர் என்று அங்கு குறிப்பிடப்பட்டிருந்தால் உங்கள் ஐயம் அந்த ஒரு சொல்லிலேயே தீர்ந்துவிடும். ஆனால் வழக்காற்றுப்படி தாலி கட்டி நடந்த திருமணம் பதிவு செய்யப்படாவிட்டாலும் செல்லும் என்பதால், பழைய திருமணங்கள் பல பதிவேட்டில் ஏறவேயில்லை. எனவே பதிவு இல்லை என்பதை வைத்துத் திருமணம் நடக்கவில்லை என்று முடிவு கட்டிவிடாதீர்கள். அதைவிடப் பயனுள்ளவை பிள்ளைகளின் பிறப்புப் பதிவுகள். அவற்றில் தாயின் பெயர் இருக்கும். பிறந்த இடத்துக்குரிய பிரதேச செயலகத்தில், மேலதிக மாவட்டப் பதிவாளர் பிரிவுக்கு விண்ணப்பித்து, சகோதரர் அனைவரின் பதிவுகளையும் எடுத்து வரிசையாக அடுக்கிப் பாருங்கள். உங்கள் நேர் வழியிலுள்ள ஒருவருடைய பதிவை மட்டும் எடுத்து நிறுத்திக்கொள்வதே பலரும் செய்யும் பிழை. தாயின் பெயர் எந்தப் பிள்ளையோடு மாறுகிறது என்பதை அந்த வரிசைதான் காட்டும்.

எனினும் யாழ்ப்பாணத்தில் இரண்டாந்தாரத்தை மிகத் தெளிவாகக் காட்டுவது காணியே. இதற்குக் காரணம் யாழ்ப்பாணத் தமிழரின் வழக்காற்றுச் சட்டமான தேசவழமை. ஒல்லாந்தர் ஆட்சியில் 1707-இல் தொகுத்து முடிக்கப்பட்டு, ஆங்கிலேயரால் 1806-இல் சட்ட வலு அளிக்கப்பட்ட இந்தத் தொகுப்பு, மனைவியை இழந்தவர் மறுமணம் செய்ய விரும்பினால் என்ன நடக்கும் என்பதை விரிவாகச் சொல்கிறது. சிறு பிள்ளைகளை இறந்தவரின் பெற்றோரோ நெருங்கிய உறவினரோ வளர்ப்பதற்காக ஏற்றுக்கொள்வர். அப்போது தகப்பன், இறந்த மனைவி கொண்டுவந்த சீதனம் முழுவதையும், முதல் திருமண காலத்துத் தேடிய தேட்டத்தில், அதாவது அப்போது சம்பாதித்த சொத்தில், பாதியையும் அப்பிள்ளைகளுக்காக ஒப்படைக்க வேண்டும். அம்மம்மா வீட்டில் வளர்ந்த அந்தச் சகோதரரை இப்போது நினைத்துப் பாருங்கள். 1911-ஆம் ஆண்டுச் சட்டம் சொத்துரிமை விதிகளை மாற்றியமைத்ததால், அதற்கு முந்தைய திருமணங்களுக்கே இந்த விளக்கத்தை அப்படியே பொருத்துங்கள்.

ஆகவே வீட்டிலிருக்கும் பழைய உறுதிகளை, அதாவது காணிப் பத்திரங்களை, எடுத்து, ஒவ்வொரு காணியும் எந்த உரித்தில் வந்தது என்று வாசியுங்கள். தந்தைவழி முதுசொமா (பரம்பரைச் சொத்தா), தாயின் சீதனமா, தேடிய தேட்டமா என்பதை உறுதி எழுதிய நொத்தாரிசு அநேகமாகக் குறித்திருப்பார். மூத்த மகளுக்கு எழுதிய சீதன உறுதியில் தாய் தகப்பன் இருவரும் சேர்ந்து கையொப்பமிடுவதற்குப் பதிலாக, தகப்பனோடு அம்மம்மாவோ தாய்மாமனோ கையொப்பமிட்டிருந்தால், அந்த மகள் மூத்த தாரத்துப் பிள்ளையாக இருக்கக்கூடும். ‘காலஞ்சென்ற மனைவியின் சீதன உரித்து’ என்னும் பொருள்பட ஒரு வரி இருந்து, அதில் பெயரும் இருந்தால், நீங்கள் தேடிய முதல் மனைவி கிடைத்துவிட்டார். உறுதியின் இறுதியில் வரும் நான்கு எல்லைகளையும் விட்டுவிடாதீர்கள். சகோதரிகளுக்குத் தகப்பன் ஒரே வளவைப் பிரித்துச் சீதனமாகக் கொடுத்திருந்தால் அத்துண்டுகள் அடுத்தடுத்தே இருக்கும். முதல் மனைவியின் காணிக்குக் கிழக்கெல்லையாக இரண்டாம் மனைவியின் பெயர் எழுதப்பட்டிருந்தால், இருவரும் அக்காவும் தங்கையுமாக இருந்திருப்பார்களோ என்று ஆராய வேண்டும்.

போரிலும் 1995-ஆம் ஆண்டு இடப்பெயர்விலும் உறுதிப் பெட்டிகளை இழந்த குடும்பங்கள் ஏராளம். அப்படி இழந்திருந்தாலும் வழி முற்றாக அடைபடவில்லை. காணியின் பெயரும் குறிச்சியும் தெரிந்தால், காணிப் பதிவகத்தின் ஏடுகளில் அந்தக் காணியின் கைமாற்றங்களை ஒன்றன்பின் ஒன்றாகப் பின்தொடரலாம். அங்கிருந்து உறுதி இலக்கமும் நொத்தாரிசின் பெயரும் கிடைக்கும். அவற்றைக்கொண்டு பிரதிக்கு விண்ணப்பிக்கலாம். பூட்டனார் கணிசமான சொத்து விட்டுச் சென்றவராயின், மாவட்ட நீதிமன்றத்தில் இறந்தவரின் சொத்துத் தொடர்பாக நடந்த மரணசாதன வழக்கின் கோப்பையும் கேட்டுப் பாருங்கள். உரித்தாளர்களை மனுவில் வரிசைப்படுத்த வேண்டியிருந்ததால், குடும்பம் பேசாமல் விட்ட உறவுகள் அங்கு எழுத்தில் இருக்கக்கூடும்.

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக் கிரியையை ஒட்டி அச்சிடப்படும் ‘கல்வெட்டு’ எனும் நினைவு நூல்களைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். பல கல்வெட்டுகளில் வாழ்க்கைக் குறிப்போடு வம்சாவழியும் இருக்கும். ஆனால் அவற்றை எழுதியவர்கள் துயர் நிறைந்த நாட்களில், தமக்கு நெருங்கிய கிளையின் நினைவை வைத்தே எழுதினார்கள். இரண்டாம் மனைவியின் கல்வெட்டில் முதல் மனைவி இடம்பெறாமல் போவது இயல்பு. முதல் மனைவியைத் தேடுவோர் அவருடைய அண்ணன், தம்பியரின் கல்வெட்டுகளைப் பார்க்க வேண்டும். கணவன் வீட்டார் மறந்த பெண்ணைப் பிறந்த வீட்டார் சகோதரியாக நினைவில் வைத்திருப்பார்கள். நூலகம் நிறுவனத்தின் இணையத் தொகுப்பில் இத்தகைய நினைவு வெளியீடுகள் பெருந்தொகையாக எண்ணிமப்படுத்தப்பட்டுள்ளன. பெயரைவிட ஊரைக்கொண்டு தேடினால் கூடுதலாகக் கிடைக்கும்.

கிறிஸ்தவக் குடும்பங்களுக்கு வழி சற்றுச் சுருக்கமானது. கத்தோலிக்கப் பங்குகளின் ஏடுகளையும், 1816-இல் தொடங்கிய அமெரிக்க மிஷனின் வழிவந்த சபைகளின் ஏடுகளையும் அந்தந்தக் கோவிலிலேயே விசாரிக்கலாம். மிஷன் விடுதிப் பள்ளிகளில் படித்தோர் பலருக்கு அமெரிக்க உபகாரிகளின் பெயர்கள் சூட்டப்பட்டமையால், ஒரே ஆளை இரண்டு பெயர்களில் தேட வேண்டியிருக்கும்.

இவற்றிலிருந்து முதல் மனைவியின் பெயர் கிடைத்தபின், அவருடைய கடைசிப் பிள்ளையின் பிறப்புக்கும் இரண்டாம் மனைவியின் முதற்பிள்ளையின் பிறப்புக்கும் இடைப்பட்ட ஆண்டுகளைக் குறித்து, அந்த எல்லைக்குள் அவருடைய இறப்புப் பதிவைத் தேடித் தருமாறு விண்ணப்பியுங்கள். ஆண்டெல்லை சிறிதாக இருந்தால் தேடுவது எளிது. பதிவில் கிடைக்கும் திகதியை அந்த ஆண்டின் பஞ்சாங்கத்தோடு ஒப்பிட்டு, வீட்டில் திவசம் கொடுத்து வந்த திதியோடு பொருந்துகிறதா என்று பாருங்கள். என் பூட்டியாருடைய திகதி, யாருக்கென்று அறியாமலே எங்கள் வீட்டில் நெடுங்காலம் கொடுத்து வந்த திவசத்தின் திதியோடு சரியாகப் பொருந்தியது.