ஐரோப்பிய எல்லையில் தஞ்சம் கேட்பவர்: பேசும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

மத்தியதரைக் கடலில் ஒரு படகு கவிழ்ந்த செய்தி வந்தால் போதும், பேச்சு இரண்டாகப் பிரிந்துவிடும். "விசா இல்லாமல் வந்தவனுக்கு என்ன உரிமை?" என்பார் ஒருவர். "அகதி என்று சொல்லிவிட்டால் உள்ளே விட்டுத்தான் ஆக வேண்டும்" என்பார் இன்னொருவர். சட்டப்படி இரண்டு பேருமே தவறு.

முதலில் விசா விஷயம். உயிருக்குப் பயந்து ஓடுகிறவர் தூதரக வாசலில் வரிசையில் நிற்க மாட்டார் என்பது 1951 அகதிகள் உடன்படிக்கையை எழுதியவர்களுக்கு நன்றாகவே தெரியும். ஆபத்துள்ள இடத்திலிருந்து நேராக வந்து, தாமதிக்காமல் அதிகாரிகளிடம் போய், தக்க காரணமும் சொல்லும் அகதியை அனுமதியில்லாமல் நுழைந்ததற்காகத் தண்டிக்கக் கூடாது என்கிறது அதன் 31ஆம் பிரிவு. உயிருக்கோ சுதந்திரத்துக்கோ ஆபத்துள்ள இடத்துக்கு அகதியைத் திருப்பி அனுப்பக் கூடாது என்பது 33ஆம் பிரிவு. சரி, வந்தவர் அகதியா இல்லையா என்று எப்படித் தெரியும்? விசாரித்தால்தான் தெரியும். ஆகவே எல்லையில் முதல் உரிமை, தன் கதையைச் சொல்ல ஒரு வாய்ப்பு.

"கரையில் கால் வைத்தால்தானே சட்டம்" என்பது அடுத்த தவறு. 2009 மே மாதம் லிபியாவிலிருந்து சுமார் 200 பேர் மூன்று படகுகளில் கிளம்பினார்கள். இத்தாலியின் லம்பெதூசா தீவுக்குத் தெற்கே 35 கடல் மைல் தூரத்தில் இத்தாலியக் கப்பல்கள் அவர்களை ஏற்றிக்கொண்டன. பத்து மணி நேரப் பயணம். எங்கே போகிறோம் என்று யாரும் சொல்லவில்லை, யார் எவர் என்று கேட்கவும் இல்லை. கடைசியில் வந்து நின்ற இடம் லிபியாவின் திரிப்போலி துறைமுகம். அவர்களில் சோமாலியா, எரித்திரியா நாடுகளைச் சேர்ந்த 24 பேர் வழக்குப் போட்டார்கள். இது கடலில் நடந்த மீட்பு, தஞ்சம் வேண்டும் என்று யாரும் கேட்கவில்லை என்பது இத்தாலியின் வாதம். 2012இல் ஐரோப்பிய மனித உரிமைகள் நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. இத்தாலியக் கப்பலில், இத்தாலிய வீரர்களின் கையில் இருந்தவர்களுக்கு இத்தாலிதான் பொறுப்பு. லிபியாவில் என்ன நடக்கும் என்பது ஊருக்கே தெரிந்திருக்கும்போது, அவர்கள் வாய் திறந்து கேட்கவில்லை என்று சொல்லித் தப்ப முடியாது என்பதுதான் தீர்ப்பின் சாரம்.

இதைப் படித்துவிட்டு எதிர்ப்பக்கம் சாய்வதும் சரியல்ல. விசாரணை கேட்கத்தான் உரிமை. விசாரித்து, மேல்முறையீட்டுக்கும் வழி விட்டு, காரணம் போதாது என்று முடிவானால் திருப்பி அனுப்பலாம். நம்மவர் வழக்குகளே இதற்குச் சாட்சி. பிரிட்டன் திருப்பி அனுப்பிய ஐந்து இலங்கைத் தமிழர்கள் 1991இல் இதே நீதிமன்றத்தில் தோற்றார்கள். 2008இல் இன்னொரு இலங்கைத் தமிழர், அவரும் பிரிட்டனுக்கு எதிராகத்தான், வென்றார். தமிழர் என்பது மட்டும் அவரை ஜெயிக்க வைக்கவில்லை. ராணுவம் பலமுறை பிடித்து வைத்திருந்தது, அடிபட்ட தழும்பு, எடுத்துவைத்த கைரேகை, விடுவிக்க அவருடைய அப்பா போட்ட கையெழுத்து என்று எல்லாம் சேர்ந்துதான் அவருக்குத் தனிப்பட்ட ஆபத்து இருப்பதைக் காட்டின. "எங்கள் ஊரில் பிரச்சினை" என்று பொதுவாகச் சொல்வதற்கும் இதற்கும் உள்ள தூரத்தை, தஞ்சம் கேட்கும் சொந்தக்காரர் இருந்தால் அவருக்குச் சொல்லி வையுங்கள்.

ஸ்பெயினும் ஒரு வழக்கில் ஜெயித்திருக்கிறது. வட ஆப்பிரிக்காவில் மொராக்கோவை ஒட்டி ஸ்பெயினுக்குச் சொந்தமான ஊர் மெலில்லா. 2014இல் அதன் எல்லை வேலியில் கூட்டமாக ஏறியவர்களை இறக்கி, கைவிலங்கு போட்டு, மொராக்கோவிடமே ஒப்படைத்தார்கள். முறையாக நுழைய வழி இருந்தும் பலவந்தமாக ஏறியது அவர்களுடைய சொந்தச் செயல் என்று 2020இல் தீர்ப்பு வந்தது. அந்த வழி கறுப்பின ஆப்பிரிக்கர்களுக்கு நடைமுறையில் திறந்திருந்ததா என்பதில் எனக்குச் சந்தேகம் உண்டு. ஆனாலும் தீர்ப்பு அதுதான்.

அப்புறம், "முதலில் கால் வைத்த நாட்டிலேயே கேட்டிருக்க வேண்டும்" என்ற வாதம். 1951 உடன்படிக்கையில் அப்படி ஒரு வரி கிடையாது. ஐரோப்பிய ஒன்றியத்தின் டப்ளின் விதி, தஞ்ச மனுவை எந்த நாடு விசாரிப்பது என்று உறுப்பு நாடுகள் தங்களுக்குள் செய்துகொண்ட பங்கீடு, அவ்வளவுதான். அதற்கும் வரம்பு உண்டு. அந்த விதியைக் காட்டி ஓர் ஆப்கானியரைக் கிரீஸுக்கு அனுப்பிய பெல்ஜியம், அங்கே தஞ்சம் கேட்பவர்கள் கிடந்த கிடையைத் தெரிந்தே அனுப்பியது என்று 2011இல் கண்டனம் வாங்கியது.

நீதிமன்றங்களைக் குழப்பிக்கொள்வதும் சகஜம். மேலே சொன்ன வழக்குகளெல்லாம் ஸ்ட்ராஸ்பர்க்கில் நடந்தவை. அது 46 நாடுகள் கொண்ட ஐரோப்பிய கவுன்சிலின் நீதிமன்றம். 27 நாடுகளின் ஒன்றியத்துக்கு உரியது லக்ஸம்பர்க்கில் இருக்கிறது. ஒன்றியத்தை விட்டு வெளியேறிய பிரிட்டனை ஸ்ட்ராஸ்பர்க் இன்னும் கட்டுப்படுத்துவது இதனால்தான்.

சட்டம் தடுத்தால் அது நடக்காது என்று நம்புவது இன்னொரு தவறு. 2025 ஜனவரியில் ஒரு துருக்கியப் பெண்ணின் வழக்கில், கிரீஸின் எவ்ரோஸ் எல்லையிலிருந்து ஆட்களைத் துருக்கிக்குத் திருப்பி விரட்டுவது சம்பவம் நடந்த காலத்தில் திட்டமிட்ட வழக்கமாகவே இருந்தது என்பதற்கு வலுவான அறிகுறிகள் இருப்பதாக நீதிமன்றம் சொன்னது, கிரீஸ் தோற்றது. அதே நாளில் ஓர் ஆப்கானியச் சிறுவனின் வழக்கு தள்ளுபடியானது. பொதுவாக அப்படி நடந்தது என்று ஒப்புக்கொண்ட நீதிமன்றம், அவனுக்கே அது நடந்ததற்கு முதல்கட்டச் சான்று போதவில்லை என்றது.

கடைசியாக, பழைய கட்டுரைகளைப் பகிரும்போது தேதியைப் பாருங்கள். ஒன்றியம் 2024இல் நிறைவேற்றிய குடியேற்ற, தஞ்ச ஒப்பந்தத்துக்கு 2026 ஜூன்தான் அமலாகும் மாதம். டப்ளின் விதியின் இடத்தில் புது விதி; பலருக்கு எல்லையிலேயே 12 வாரத்துக்குள் விசாரணை. டப்ளின் பற்றி நான் மேலே எழுதியதுக்கும் இந்த எச்சரிக்கை பொருந்தும்.