ஆட்டக் கடிகாரம் தவறும்போது நடுவர் குழு செய்ய வேண்டியவை

கூடைப்பந்தில் ஆட்டக் கடிகாரம் மூன்று வகைகளில் தவறும். ஓட வேண்டிய நேரத்தில் ஓடாமல் நிற்கும். விசில் ஊதிய பிறகும் நிற்காமல் ஓடும். பந்து ஆடுகளத்தில் எவர் மீதும் படுவதற்கு முன்பே ஓடத் தொடங்கிவிடும். மூன்றையும் திருத்தலாம். ஆனால் எத்தனை விநாடிகள் கூடின அல்லது குறைந்தன என்பதை நடுவர்களில் ஒருவராவது உறுதியாகச் சொல்ல முடிந்தால்தான் அந்தத் திருத்தத்துக்கு மதிப்பு உண்டு. அமெரிக்க உயர்நிலைப் பள்ளி விதிகள் இதை வெளிப்படையாகவே கூறுகின்றன: திட்டவட்டமான தகவல் இருந்தால் மட்டுமே நேரத்தை மாற்றலாம்; அனுமானத்தின் பேரில் மாற்றக் கூடாது. எனவே பிழை தெரியவந்த பின் செய்யும் வேலையைவிட, அதற்கு முன்பே நடுவர்கள் மூவரும் பழகி வைத்திருக்கும் கவனம்தான் பெரிது.

அந்தக் கவனம் ஆட்டத்துக்கு முந்தைய பேச்சிலேயே தொடங்க வேண்டும். எது அதிகாரபூர்வ ஆட்டக் கடிகாரம், அது பழுதானால் ஆட்ட அலுவலர்களின் மேசையில் மாற்றாக நிறுத்துகடிகாரம் இருக்கிறதா என்பவற்றைத் தலைமை நடுவர் நேரக் காப்பாளரிடம் நேரில் சென்று பேசி முடிவு செய்துகொள்ள வேண்டும். சர்வதேசக் கூடைப்பந்துக் கூட்டமைப்பான ஃபிபாவின் விதிப்படி நான்காம் கால் பகுதியிலும் கூடுதல் நேரத்திலும் 2:00 நிமிடமோ அதற்குக் குறைவாகவோ மீதமிருக்கும்போது கூடை விழுந்தால் கடிகாரம் நிற்க வேண்டும் என்பதையும் ஒரு முறை நினைவூட்டுவது நல்லது. நேரக் காப்பாளருக்கு விதி தெரியாது என்று எண்ணி இதைச் சொல்வதில்லை. நெருக்கடியான கட்டத்தில் கை தானாக இயங்க வேண்டும் என்பதற்காகச் சொல்கிறோம்.

ஆட்டம் தொடங்கியதும் ஒவ்வொரு விசிலுக்கும் ஒரு நடுவரின் கண்ணாவது கடிகாரத்துக்குச் செல்ல வேண்டும். ஃபவுல் ஊதியவரால் இது இயலாது. அவர் வீரரின் எண்ணையும் எறிதல் முயற்சியையும் பார்த்துக்கொண்டிருப்பார். ஆகவே ஊதாத இருவர் நேரத்தைப் படித்து மனதில் பதித்துக்கொள்ள வேண்டும். கோட்டுக்கு வெளியிலிருந்து பந்தை உள்ளே எறியும் த்ரோ-இன்னின்போதும் பந்தைக் கொடுக்கும் நடுவரின் பார்வை எறிபவர் மீதும் அவரைத் தடுப்பவர் மீதும் இருக்கும். எனவே பந்தைக் கொடுப்பதற்கு முன்பு அவர் ஆட்டக் கடிகாரம், ஷாட் கிளாக் (கூடையை நோக்கி எறிய அணிக்குள்ள நேரத்தைக் காட்டும் கடிகாரம்) இரண்டையும் ஒரு முறை பார்த்துக்கொள்ள, பந்து உள்ளே தொடப்பட்டு, கடிகாரத்தை ஓடவிடும் சைகையாக அவர் கையை வெட்டி இறக்கிய பிறகு கடிகாரம் உண்மையிலேயே நகர்கிறதா என்று எதிர்ப்பக்க நடுவர் சரிபார்க்க வேண்டும். இதற்கு அரை விநாடிகூட ஆகாது. இந்த அரை விநாடியைத் தவறவிட்ட குழுவைத்தான் பின்னர் மேசையருகே நெடுநேரம் நின்று விவாதிக்கக் காண்கிறோம்.

கடிகாரம் நின்றிருப்பதைக் கண்டவுடன் விசில் ஊதலாமா என்ற கேள்விக்கு ஒரே விடை இல்லை. தாக்கும் அணிக்குத் தெளிவான கோல் வாய்ப்பு கையில் இருக்கும்போது நாம் ஊதினால் மேசையின் தவறுக்கு அந்த அணி தண்டனை பெற்றதாகிவிடும். அத்தகைய நிலையில் அந்தக் கணத்திலிருந்து மனதுக்குள் எண்ணத் தொடங்கி, எவருக்கும் பாதகமில்லாத தருணம் வந்ததும் நிறுத்துவதே முறை. எவருக்கும் உடனடி வாய்ப்பு இல்லையென்றால் தாமதிக்க வேண்டாம். தாமதம் நீள நீளக் கணக்கும் சிக்கலாகும்.

விசிலுக்குப் பின் இரு அணிகளையும் அவரவர் பெஞ்சுப் பக்கம் அனுப்பிவிட்டு மூவரும் சற்று விலகி நின்று பேச வேண்டும். இங்கே நான் வலியுறுத்தும் வழக்கம் ஒன்று உண்டு: தலைமை நடுவர் தமது எண்ணை முதலில் சொல்லக் கூடாது. மூத்தவர் “1:03 இருந்தது” என்று சொல்லிவிட்டால் இளையவரின் நினைவும் 1:03 ஆகிவிடும். முதலில் மற்ற இருவரும் தாங்கள் கண்டதைச் சொல்லட்டும். காணாதவர் “நான் பார்க்கவில்லை” என்று ஒப்புக்கொள்ளட்டும். அடுத்து நேரக் காப்பாளரையும் ஷாட் கிளாக் இயக்குபவரையும், போட்டியைக் கண்காணிக்கும் ஆணையர் இருந்தால் அவரையும் கேட்ட பின்பே தலைமை நடுவர் முடிவெடுக்க வேண்டும்.

கணக்குக்குக் கிடைக்கும் சான்றுகளில் மிகவும் பயனுள்ளது ஷாட் கிளாக். த்ரோ-இன்னின்போது ஆட்டக் கடிகாரம் 1:12, ஷாட் கிளாக் 24 காட்டின என்று கொள்வோம். பின்னர் ஊதும்போது ஆட்டக் கடிகாரம் அதே 1:12இல் நிற்க, ஷாட் கிளாக் 15 காட்டினால் 9 விநாடிகள் கழிந்திருக்கின்றன. எனவே 1:03 என்று மாற்ற வேண்டும். இடையில் பந்து வளையத்தில் பட்டு ஷாட் கிளாக் 14க்கு மாற்றப்பட்டிருந்தால் இந்தக் கழித்தல் செல்லாது. அப்போது ஒவ்வொரு பகுதியையும் தனித்தனியே கூட்ட வேண்டும். ஷாட் கிளாக் இல்லாத போட்டிகளில், பின்களத்திலிருந்து பந்தைக் கொண்டுவரும் நேரத்துக்காக நடுவர் கையசைத்து எண்ணிய எண்ணிக்கையே ஆதாரம். ஆனால் த்ரோ-இன்னுக்கான ஐந்து விநாடி எண்ணிக்கையை இதில் சேர்த்துவிடக் கூடாது. பந்து உள்ளே தொடப்படும் வரை ஆட்டக் கடிகாரம் ஓடவே கூடாது என்பதால் அந்த எண்ணிக்கைக்கும் கழிந்த நேரத்துக்கும் தொடர்பில்லை. அனுபவமுள்ளவர்களும் பதற்றத்தில் இங்கே சறுக்குவது உண்டு. காணொளி மறுபார்வை வசதி இருந்தால் ஃபிபா விதிகள் கடிகாரப் பழுதுக்காக ஆட்டத்தின் எந்தக் கட்டத்திலும் அதைப் பயன்படுத்த இடமளிக்கின்றன.

கடைசி நொடிகளில் விநாடியின் பத்தில் ஒரு பங்கும் ஆட்டத்தின் முடிவை மாற்றும். ஃபிபா விதிப்படி 0.3 விநாடி இருந்தால் வீரர் பந்தைப் பிடித்து எறியலாம், 0.2 அல்லது 0.1 மட்டுமே இருந்தால் தட்டிவிடலாம் அல்லது நேரடியாக வளையத்துக்குள் திணிக்கலாம். ஆகவே திருத்திய நேரம் 0.2ஆ 0.3ஆ என்பதை மூவரும் அறிந்திருப்பதோடு, எந்த வகை முயற்சி செல்லும் என்பதை இரு பயிற்சியாளர்களுக்கும் ஒரே சொற்களில் தெரிவிக்கவும் வேண்டும்.

திருத்தத்தை முடிவு செய்வது பாதி வேலைதான். அது ஸ்கோர் பலகையில் தெரிவது மறுபாதி. 1972ஆம் ஆண்டு மியூனிக் ஒலிம்பிக் இறுதிப் போட்டி இதற்கு என்றும் நிற்கும் சான்று. அமெரிக்கா 50–49 என முன்னிலையில் இருந்தபோது ஆட்டம் ஒரு விநாடி மீதமிருக்க நிறுத்தப்பட்டது. ஃபிபாவின் பொதுச் செயலாளராக இருந்த வில்லியம் ஜோன்ஸ் தலையிட்டுக் கடிகாரத்தை மூன்று விநாடிக்குத் திருப்பச் சொன்னார். கடிகாரம் மாற்றி முடிக்கப்படும் முன்பே பந்து ஆட்டத்துக்கு விடப்பட்டு ஹாரனும் ஒலித்துவிட்டதால், அந்த மூன்று விநாடிகள் மீண்டும் ஆடப்பட்டன. அந்த முறை அலெக்சாண்டர் பெலோவ் கூடையிட, சோவியத் அணி 51–50 என வென்றது. அமெரிக்க வீரர்கள் வெள்ளிப் பதக்கத்தை ஏற்க மறுத்தனர். முடிவு நடுவர் குழுவின் கையை விட்டுச் சென்றது ஒரு குறை என்றால், பலகையைப் பார்க்காமல் பந்தைக் கொடுத்தது அதைவிடத் தவிர்த்திருக்கக்கூடிய குறை என்பதே என் எண்ணம்.

எனவே புதிய நேரம் பலகையில் வந்ததை மூவரும் தனித்தனியே கண்டு, ஒருவருக்கொருவர் கட்டைவிரல் காட்டிய பின்பே பந்து எறிபவர் கைக்குச் செல்ல வேண்டும். ஆட்டக் கடிகாரத்தோடு ஷாட் கிளாக்கும் சரியாக வைக்கப்பட்டதா என்பதை அப்போதே பார்த்துவிட வேண்டும். திருத்தத்துக்குப் பிறகு வரும் இரண்டாவது பிழை பெரும்பாலும் அங்கேதான் இருக்கும். நேரம் தொடர்பான பிழைகளைத் திருத்த ஃபிபா விதிகள் தரும் வாய்ப்பு, தலைமை நடுவர் ஸ்கோர்ஷீட்டில் கையெழுத்திடும் வரை மட்டுமே. அதனால் கால் பகுதியின் இறுதியில் ஐயம் எழுந்திருந்தால், பேனாவைக் கையில் எடுக்கும் முன் மற்ற இருவரையும் ஒரு முறை கேட்டுவிட வேண்டும்.