பழைய லேப்டாப்பில் விண்டோஸ் 11

லேப்டாப் விண்டோஸ் 11-க்குத் தகுதியில்லை என்று வந்தால், ஐஎஸ்ஓ ஃபைலை (விண்டோஸை நிறுவத் தேவையானதெல்லாம் அடங்கிய ஒற்றை ஃபைல்) மைக்ரோசாஃப்ட் தளத்தில் இறக்கி, ரூஃபஸ் என்ற இலவச மென்பொருளால் பென்டிரைவில் (16 ஜிபி இருந்தால் நல்லது, அதிலுள்ளதெல்லாம் அழிந்துவிடும்) எழுதுங்கள். ஸ்டார்ட் அழுத்தியதும் வரும் பெட்டியில் டிபிஎம் 2.0 (பாதுகாப்புச் சாவிகளை வைக்கும் சிப்), செக்யூர் பூட் (தொடங்கும்போது நம்பகமான மென்பொருளை மட்டும் ஓடவிடும் வசதி), 4 ஜிபி ரேம் நிபந்தனைகளை நீக்கும் வரியை டிக் செய்துவிட்டு, அப்புறம் அந்தப் பென்டிரைவிலிருந்தே லேப்டாப்பைத் தொடங்கி (பூட் செய்து) நிறுவுங்கள்.

இது ஏன் வேலை செய்கிறது என்றால், அந்த நிபந்தனைகளைப் பார்ப்பது நிறுவும்போது ஓடும் செட்டப் மட்டும்தான். அன்றாட ஓட்டத்துக்கு அவை கட்டாயமில்லை. இந்த வேலையில் இறங்குவதற்கு முன்னால் பயாஸுக்குள் (விண்டோஸ் தொடங்கும் முன் வரும் லேப்டாப்பின் அடிப்படை அமைப்புத் திரை) ஒருமுறை எட்டிப் பாருங்கள், பல லேப்டாப்களில் டிபிஎம் இருந்தும் அணைத்து வைக்கப்பட்டிருக்கும்.

கோர் 2 டுவோ காலத்து பிராசஸர் என்றால் விட்டுவிடுங்கள். விண்டோஸ் 11-இன் 24எச்2 பதிப்பிலிருந்து பாப்கவுண்ட், எஸ்எஸ்இ 4.2 கட்டளைகள் பிராசஸரிலேயே இருக்க வேண்டும், இல்லாவிட்டால் பூட்டே ஆகாது, இதை எந்த டிக்கும் சரிசெய்யாது. வருடாந்திரப் பெரிய பதிப்பும் பொதுவாகத் தானாக வராது, புது ஐஎஸ்ஓவோடு மறுபடி இதே வேலைதான். அப்டேட்டுக்கு மைக்ரோசாஃப்ட் உத்தரவாதம் தருவதில்லை, அதனால் அலுவலக லேப்டாப்பில் வேண்டாம்.