மருந்து அளவும் சேலைன் துளியும்: விடுதிப் பயிற்சிக்குப் போகிறவர்களுக்கு அடியிலிருந்து கணக்கு

வவுனியா, கிளிநொச்சி, முல்லைத்தீவு, மன்னார் வைத்தியசாலைகளில் விடுதிப் (வார்ட்) பயிற்சி தொடங்கியிருக்கும் தாதிய மாணவத் தம்பி தங்கச்சிமாருக்காக இதை எழுதுகிறேன். மருந்துக் கணக்கு என்றதும் பலருக்கு நெஞ்சு படபடக்கிறது. உண்மையில் இதில் வருவது பெருக்கல், பிரித்தல், விகிதம் மட்டும்தான். வயலுக்கு மருந்தடிக்கும் நாளில், போத்தலில் ஒட்டியிருப்பதைப் பார்த்துவிட்டு 16 லீற்றர் தாங்கிக்கு எத்தனை மில்லி என்று வீட்டில் அப்பா சட்டென்று சொல்வாரே, அதே விகிதம். ஆனால் இங்கே ஒரு தசமப் புள்ளி இடம் மாறினால் ஒரு உயிர் போகலாம். அதனால் சூத்திரத்தைவிட முதலில் ஒரு பழக்கத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள்: கல்குலேட்டரைத் தொடுமுன் விடை ஏறத்தாழ எவ்வளவு வரும் என்று வாய்விட்டுச் சொல்லுங்கள்.

படி 1: அலகை ஒன்றாக்குங்கள்

1 கிராம் என்பது 1000 மில்லிகிராம். 1 மில்லிகிராம் என்பது 1000 மைக்ரோகிராம். 1 லீற்றர் 1000 மில்லிலீற்றர். டொக்டரின் ஓடர் கிராமிலும் மருந்துக் குப்பி மில்லிகிராமிலும் இருந்தால், இரண்டையும் ஒரே அலகுக்குக் கொண்டுவராமல் அடுத்த வரிக்குப் போகாதீர்கள்.

எழுதும்போது மூன்று விசயம். முழு எண்ணுக்குப் பின்னால் புள்ளியும் பூச்சியமும் போடவேண்டாம், 5.0 என்பது அவசரத்தில் 50 ஆகத் தெரியும். ஒன்றுக்குக் குறைந்த எண்ணுக்கு முன்னால் பூச்சியம் கட்டாயம். வெறும் புள்ளி ஐந்து 5 ஆகிவிடும், 0.5 ஆகாது. மைக்ரோகிராமைக் குறியீடாக எழுதாமல் முழுச் சொல்லாக எழுதுங்கள். கையெழுத்தில் அந்தக் குறி மில்லிகிராம் போலத் தெரிந்தால், நோயாளிக்குப் போவது ஆயிரம் மடங்கு.

படி 2: முதலில் மதிப்பிடுங்கள், பிறகு கணியுங்கள்

பி.எச்.ரியில் (நோயாளியின் கட்டில் சீட்டில்) ஜென்ரமைசின் என்ற நுண்ணுயிர்க்கொல்லி 60 மி.கி. என்று இருக்கிறது. கையில் உள்ள அம்பியூலில் (உடைத்துத் திறக்கும் சிறு கண்ணாடிக் குப்பி) 2 மி.லீ.க்குள் 80 மி.கி. உண்டு. பேனாவை எடுக்குமுன் யோசியுங்கள். முழு அம்பியூல் 80, பாதி 40. 60 அவை இரண்டுக்கும் நடுவில். ஆக, விடை 1 மி.லீ.க்கும் 2 மி.லீ.க்கும் இடையில் வரவேண்டும்.

இப்போது சூத்திரம்:

வேண்டிய அளவு ÷ கையில் உள்ள அளவு × அது கரைந்திருக்கும் கனவளவு

60 ÷ 80 × 2 = 1.5 மி.லீ.

அவசரத்தில் எண்களைத் தலைகீழாகப் போட்டால் 80 ÷ 60 × 2 = 2.67 வரும். கல்குலேட்டர் அதையும் மறுப்பில்லாமல் காட்டும். ஓர் அம்பியூலுக்குள் 2 மி.லீ.தான் இருக்கிறது என்று ஏற்கெனவே சொல்லிவைத்தவர் அந்த இடத்தில் நின்றுவிடுவார். ஒரு தடவைக்கு நாலைந்து அம்பியூல் உடைக்கவேண்டும், எட்டுப் பத்துக் குளிசை எண்ணவேண்டும் என்று கணக்கு வந்தாலும் அப்படியே நில்லுங்கள். சில மருந்துக்கு அது சரியாகவும் இருக்கலாம். ஆனால் விடுதிப் பொறுப்பில் உள்ள சிஸ்டரிடம் கேட்காமல் தொடரக்கூடாது.

இன்சுலினுக்கு இந்தச் சூத்திரத்தையும் சாதாரண சிறிஞ்சையும் பாவிக்கவேண்டாம். 1 மி.லீ.க்கு 100 அலகு என்றுள்ள இன்சுலினை, 100 அலகுக்கென்று குறித்த இன்சுலின் சிறிஞ்சால் மட்டும் எடுங்கள். தூளாக வரும் குப்பிகளில், தூளும் கொஞ்ச இடம் பிடிக்கும். நீங்கள் விட்ட தண்ணீரின் அளவை வைத்துக் கணியாமல், கரைத்த பிறகு மொத்தம் எவ்வளவு என்று மருந்துத் தாளில் இருப்பதைப் பாருங்கள்.

படி 3: பிள்ளைகளுக்கு நிறைதான் ஆதாரம்

12 கிலோ பிள்ளைக்குக் காய்ச்சல். பரசிற்றமோல் கிலோவுக்கு 15 மி.கி. என்று ஓடர். 12 × 15 = 180 மி.கி. விடுதியில் உள்ள பாணி 5 மி.லீ.க்கு 120 மி.கி. என்றால், 180 ÷ 120 × 5 = 7.5 மி.லீ.

அதே பிள்ளைக்குத் தாய் வெளியில் வாங்கிய போத்தலில் 5 மி.லீ.க்கு 250 மி.கி. என்று இருந்தால் 180 ÷ 250 × 5 = 3.6 மி.லீ. பாதியிலும் குறைவு. "ஏழரை மில்லி குடுங்கோ அம்மா" என்று மட்டும் சொல்லி அனுப்பினால் பிள்ளைக்கு இரண்டு மடங்கு போகும். தாயிடம் போத்தலைக் காட்டச் சொல்லுங்கள், லேபலைச் சேர்ந்து வாசியுங்கள், சிறிஞ்சில் எந்தக் கோடுவரை என்று விரலால் தொட்டுக் காட்டுங்கள். வீட்டுக் கரண்டி வேண்டாம். ஒவ்வொரு வீட்டிலும் ஒவ்வோர் அளவு.

நிறையைத் தராசில் போட்டே எடுங்கள். கிளினிக் பதிவேட்டில் உள்ள எண் மூன்று மாதம் பழையதாக இருக்கலாம்.

படி 4: துளிக் கணக்கு

சேலைனைத் தானாக அளந்து விடும் பம்ப் எல்லாக் கட்டிலுக்கும் கிடைக்காது. அதனால் கையால் துளி எண்ணத் தெரிந்த தாதிதான் விடுதியைத் தாங்குகிறார்.

சூத்திரம்: மொத்த மி.லீ. × ஒரு மி.லீ.க்கு எத்தனை துளி ÷ மொத்த நிமிடம்

நடுவில் உள்ள எண் ட்ரிப் செற்றின் (சேலைன் விடும் குழாய்த் தொகுதி) கவரில் அச்சிட்டிருக்கும். பெரிய துளிச் செற்றுகளில் 10, 15, 20 என்று இருக்கும். சிறு துளிச் செற்றில் 60. கவரைக் கிழித்து எறியுமுன் அந்த எண்ணை வாசியுங்கள். "எப்பவும் 20தான்" என்று சொல்பவரை நம்பவேண்டாம்.

500 மி.லீ. சேலைன், 6 மணித்தியாலம், 20 துளிச் செற். 6 மணித்தியாலம் என்பது 360 நிமிடம். 500 × 20 ÷ 360 = 27.8. துளியைப் பின்னத்தில் விடமுடியாது, ஆகவே நிமிடத்துக்கு 28.

மனக்கணக்காகப் போட ஒரு வழி உண்டு. மணித்தியாலத்துக்கு எத்தனை மி.லீ. என்று முதலில் எடுங்கள். 20 துளிச் செற் என்றால் அதை 3 ஆல் பிரியுங்கள், 15 என்றால் 4 ஆல், 10 என்றால் 6 ஆல். 60 துளிச் செற்றில் பிரிக்கவே தேவையில்லை. மணித்தியாலத்துக்கு 30 மி.லீ. என்றால் நிமிடத்துக்கு 30 துளி. டெங்கு நோயாளிக்கு மணிக்கு மணி அளவு மாறும்போது இந்த வழி மிகவும் கைகொடுக்கும்.

இனி எண்ணுவது. கைக்கடிகாரத்தைத் துளி விழும் கூட்டுக்குப் பக்கத்தில், கண்மட்டத்தில் பிடியுங்கள். முள்ளும் துளியும் ஒரே பார்வையில் தெரியவேண்டும். மற்றக் கையின் பெருவிரல் ரோலரில் (குழாயை இறுக்கித் தளர்த்தும் சில்லு). நிமிடத்துக்கு 28 என்றால் 15 வினாடிக்கு 7. துளி விழும் கணத்தில் "பூச்சியம்" என்று தொடங்குங்கள். "ஒன்று" என்று தொடங்கினால் ஒரு துளி கூட எண்ணுப்படும், 15 வினாடியில் கூடிய ஒன்று நிமிடத்தில் நாலாகிவிடும். ரோலரை மயிரளவு திருப்பி, இரண்டு மூன்று துளி விழவிட்டு, மறுபடி எண்ணுங்கள். சரியாக வந்தபின் ஒரு முழு நிமிடம் எண்ணி உறுதி செய்யுங்கள். கூடு பாதிக்குக் கிட்ட நிரம்பியிருக்கட்டும். முழுக்க நிரம்பினால் துளியே தெரியாது.

நோயாளி கையை மடித்தால், எழுந்து இருந்தால், கட்டிலை உயர்த்தினால் வேகம் மாறும். மாங்குளத்திலிருந்து ஏ9 வழியாக அம்புலன்ஸில் மாற்றும்போது சொல்லவே வேண்டாம். ஏற்றியதும் எண்ணுங்கள், இறக்கியதும் எண்ணுங்கள்.

10 மணிக்குத் தொடங்கிய அதே போத்தலை 12 மணிக்குப் பார்க்கிறீர்கள். 333 மி.லீ. அளவில் இருக்கவேண்டியது, 400 மி.லீ. மிச்சம் இருக்கிறது. பலர் உடனே ரோலரைத் திறந்து விடுகிறார்கள். அது தவறு. முதலில் கனுலா (நரம்பில் ஏற்றிய சிறு குழாய்) போட்ட இடம் வீங்கியிருக்கிறதா, குழாய் மடிந்திருக்கிறதா என்று பாருங்கள். மிச்ச 400 மி.லீ.ஐ மிச்ச 4 மணித்தியாலத்துக்குக் கணித்தால் மணிக்கு 100, நிமிடத்துக்கு 33. அந்த எண்ணோடு டொக்டரிடமோ பொறுப்புத் தாதியிடமோ போங்கள், அவர்கள் சொன்னபின் மாற்றுங்கள். வவுனியாப் பக்கத்தில் சிறுநீரக நோயாளரை அடிக்கடி பார்ப்பீர்கள். அவர்களுக்கும் இதய நோயாளருக்கும் அவசரமாக விட்ட சேலைன் நெஞ்சுக்குள் நீராகத் தேங்கும்.

சின்னப் பிள்ளைகளுக்குப் பியூரெட் செற் (நடுவில் அளவுக் கோடிட்ட சிறு குடுவை உள்ள செற்) பாவிக்கும்போது, ஓரிரு மணித்தியாலத்துக்கு வேண்டியதை மட்டும் பியூரெட்டுக்குள் எடுத்துவிட்டு மேல் பூட்டைப் பூட்டுங்கள். ரோலர் தளர்ந்தாலும் அந்தளவுதான் போகும்.

படி 5: பாம்புக்கடி வந்தால்

அறுவடை நாட்களில் புடையன் கடித்து வருகிறவர்களை நீங்கள் கட்டாயம் சந்திப்பீர்கள். எத்தனை குப்பி விசமுறி என்பதை டொக்டர் சொல்வார். நமது வேலை கரைப்பதும் கணிப்பதும். ஓடரில் 10 குப்பி என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொன்றும் 10 மி.லீ.யில் கரைத்தால் 100 மி.லீ. குலுக்காதீர்கள், நுரைக்கும், குப்பியை மெல்லச் சுழற்றுங்கள். அதோடு 300 மி.லீ. சேலைன் சேர்த்து, மொத்தம் 400 மி.லீ.ஐ 1 மணித்தியாலத்தில் விடச் சொல்லியிருந்தால்: 400 × 20 ÷ 60 = 133 துளி.

வினாடிக்கு இரண்டு துளிக்கு மேல். கண்ணால் எண்ணி முடியாது. போத்தலில் நீளவாக்கில் பிளாஸ்டர் ஒட்டி, 100 மி.லீ.க்கு ஒரு கோடு போட்டு, கோட்டுக்குக் கோடு நேரத்தை எழுதுங்கள்: 15 நிமிடத்துக்கு ஒரு கோடு இறங்கவேண்டும். எந்த ட்ரிப்புக்கும் இது உதவும், இங்கே இது இல்லாமல் முடியாது.

விசமுறிக்கு ஒவ்வாமை வரலாம் என்பதால் அட்ரினலின் பக்கத்திலேயே இருக்கவேண்டும். 1:1000 என்றால் 1000 மி.லீ.யில் 1 கிராம், அதாவது 1 மி.லீ.யில் 1 மி.கி. விசமுறிக்கு முன் தோலின் கீழ் 0.25 மி.கி. என்று ஓடர் வந்தால் 0.25 மி.லீ. ஒவ்வாமை வந்து தசைக்குள் 0.5 மி.கி. என்றால் 0.5 மி.லீ. இரண்டுக்கும் 1 மி.லீ. சிறிஞ்ச். 1:10,000 அம்பியூல் பத்து மடங்கு ஐதானது. அவை இரண்டையும் ஒரே தட்டில் வைக்கவேண்டாம்.

படி 6: கிலோவுக்கு, நிமிடத்துக்கு

இரத்த அழுத்தத்தைத் தூக்கும் டோபமைன் போன்றவை பம்பில் போகும். 50 கிலோ நோயாளி, கிலோவுக்கு நிமிடத்துக்கு 5 மைக்ரோகிராம். 50 × 5 × 60 = மணிக்கு 15,000 மைக்ரோகிராம், அதாவது 15 மி.கி. 200 மி.கி. மருந்தை மொத்தம் 50 மி.லீ. ஆக்கினால் 1 மி.லீ.யில் 4 மி.கி. 15 ÷ 4 = மணிக்கு 3.75 மி.லீ.

இப்படியான மருந்துகளை இன்னொருவர் தனியாகக் கணிக்கவேண்டும். உங்கள் விடையைக் காட்டி "சரிதானே மிஸ்?" என்று கேட்பது சரிபார்ப்பு ஆகாது. ஓடரையும் குப்பியையும் கொடுங்கள், அவர் தன் விடையைச் சொல்லட்டும், பிறகு உங்களுடையதைக் காட்டுங்கள்.

போட்டுப் பாருங்கள்

அ. 8 கிலோ பிள்ளை, பரசிற்றமோல் கிலோவுக்கு 15 மி.கி., பாணி 5 மி.லீ.க்கு 120 மி.கி.

ஆ. 1 லீற்றர் சேலைன், 10 மணித்தியாலம், 20 துளிச் செற்.

இ. ஹெப்பாரின் (இரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்து) 3500 அலகு. குப்பியில் 1 மி.லீ.க்கு 5000 அலகு.

ஈ. 300 மி.லீ. இரத்தம், 3 மணித்தியாலம். செற்றின் கவரில் 15 என்று இருக்கிறது.

விடைகள்: அ. 5 மி.லீ. ஆ. 33 துளி. இ. 0.7 மி.லீ. ஈ. 25 துளி. கடைசியில் 33 வந்திருந்தால், கவரைப் பார்க்காமல் 20 என்று போட்டிருக்கிறீர்கள். படி 4ஐ இன்னொருமுறை வாசித்துவிட்டு வாருங்கள்.