பழைய லெதர் பேக்கைத் தேற்ற
பாளையங்கோட்டைப் பக்கம் பழைய லெதர் பேக் மலிவாகக் கிடைத்தால் விடாதீர்கள், தோல் வெடிக்காமல் வெறுமனே வறண்டு வெளுத்திருந்தால் வீட்டிலேயே தேற்றிவிடலாம். தையல் இடுக்கில் அடைந்த தூசியைப் பழைய டூத் பிரஷ்ஷால் தட்டி எடுத்து, நன்றாகப் பிழிந்த ஈரத்துணியால் துடையுங்கள். வெயிலில் மட்டும் போடாதீர்கள், நம்மூர் வெயிலுக்குத் தோல் அப்பளமாக விறைத்துவிடும். ஆனி, ஆடிக் காற்றில் நிழலில் தொங்கவிட்டாலே போதும். காய்ந்ததும் நிறமில்லாத லெதர் கண்டிஷனரை, அதாவது வறண்ட தோலை மென்மையாக்கும் பூச்சை, துணியில் கொஞ்சமாகத் தொட்டு, அடிப்பக்க மூலையில் பூசி நிறம் மாறுகிறதா என்று பார்த்த பிறகு, கைப்பிடியில் ஆரம்பித்துத் தேயுங்கள், வியர்வை பட்டு அதிகம் கெட்டிருப்பது அதுதான். தேங்காய் எண்ணெய் வேண்டவே வேண்டாம், முதலில் பளபளக்கும், அப்புறம் கறுத்துப்போய்த் தூசி ஒட்டும். வார் பிய்ந்திருந்தால் செருப்புத் தைப்பவரிடம் மெழுகு நூலில் தைக்கச் சொல்லுங்கள். ஐப்பசி மழைக்குப் பூஞ்சை பிடிக்கும், பிளாஸ்டிக் கவரில் கட்டாமல் துணிப்பையில் வையுங்கள்.