நத்தை பாப்புலேஷனை எண்ணுறது எப்படி

எண்ண இறங்குறதுக்கு முன்னாடி எந்த இனம், எந்த இடம், எந்த நேரம்னு மூணையும் எழுதி வச்சுக்கோங்க, ஏன்னா ஒரே இனத்தைச் சேர்ந்ததுங்க ஒரே இடத்துல ஒரே காலத்துல சேர்ந்து வாழ்ந்தா தான் அது ஒரு பாப்புலேஷன். தோட்டத்துல ரெண்டு வகை நத்தை இருந்தா ரெண்டு பாப்புலேஷன், ஒண்ணா சேர்த்து எண்ணாதீங்க.

எல்லாத்தையும் பிடிச்சு எண்ண முடியாது, பாதி கல்லுக்கு அடியில ஒளிஞ்சிருக்கும். அதனால கொஞ்சத்தை பிடிச்சு ஓட்டுல சின்னதா ஒரு பெயின்ட் பொட்டு வச்சு, பிடிச்ச இடத்துலயே விட்டுருங்க. பொட்டு பளிச்சுனு இருக்கவே கூடாது, பறவை கண்ணுல பட்டா அதுங்க தான் முதல்ல சாகும், கணக்கும் கெடும் உயிரும் போகும். சில நாள் கழிச்சு, மத்ததோட நல்லா கலந்த அப்புறம் திரும்ப பிடிங்க.

முதல்ல 40க்கு பொட்டு வச்சீங்க, ரெண்டாவது தடவை கிடைச்ச 50ல 10க்கு பொட்டு இருக்குன்னு வைங்க. 40ஐ 50ஆல பெருக்கி 10ஆல வகுத்தா 200, அவ்ளோ தான். இதுக்கு லிங்கன்-பீட்டர்சன் முறைன்னு பேரு, பீட்டர்சன் டென்மார்க்ல மீன் ஆராய்ச்சி பண்ணவரு, லிங்கன் 1930ல அமெரிக்காவுல வாத்து எண்ணிக்கைக்கு இதே வழியில போனவரு. கொஞ்சமா பிடிச்சா இந்த கணக்கு கூடுதலா காட்டும், அதனால மூணு எண்ணோடயும் 1 கூட்டிட்டு பெருக்கி வகுத்து கடைசியில 1 கழிங்க, 189 வரும், எனக்கு இது தான் நம்பிக்கை.

ஆனா ரெண்டு தடவைக்கு நடுவுல பிறப்பு, இறப்பு, உள்ள வர்றது, வெளிய போறது நாலுமே கிட்டத்தட்ட இல்லாம இருந்தா தான் இந்த விடை நிக்கும். பொட்டும் அழியக்கூடாது. வேலிக்கு அந்தப் பக்கமும் அதே நத்தை தாராளமா போய்ட்டு வந்துட்டு இருந்தா, நீங்க எல்லை போட்ட இடமே தப்பு, அதையும் சேர்த்து எண்ணுங்க.

100 சதுர மீட்டர் தோட்டம்னா ஒரு சதுர மீட்டருக்கு கிட்டத்தட்ட 2, இது தான் அடர்த்தி. அடுத்த பருவத்துல திரும்ப எண்ணும்போது அதே எல்லையை வச்சுக்கோங்க, தேதியை மறக்காம எழுதுங்க, பொட்டு கலரையும் மாத்திருங்க.