வெயில் காட்டுக்கு ஏற்ற சட்டையைத் தேர்ந்தெடுப்பது எப்படி?

மே மாதத்தில் மாயாற்றுப் பள்ளத்தாக்கில் காலை ஒன்பது மணிக்கே வெயில் தோளில் ஏறி உட்கார்ந்துவிடும். சத்தியமங்கலம், முதுமலைப் புலிகள் காப்பகங்களில் பருவமழைக்கு முந்தைய கணக்கெடுப்புக்குச் செல்லும் தன்னார்வலர்களும், பறவை பார்ப்பவர்களும், ஒளிப்படம் எடுப்பவர்களும் காலணியையும் தொலைநோக்கியையும் பல நாள் ஆராய்ந்து வாங்குகிறார்கள். சட்டையை மட்டும் வீட்டில் இருப்பதில் பழையது ஒன்றாக எடுத்து மாட்டிக்கொள்கிறார்கள். நானும் முதல் ஆண்டில் அப்படித்தான் ஒரு பாலியஸ்டர் டி-ஷர்ட்டோடு போனேன். மாலையில் திரும்பியபோது பிடரி தீய்ந்து சிவந்திருந்தது, முழங்கைகளில் சூரை முள் கிழித்த கோடுகள் இருந்தன, இடுப்பைச் சுற்றி உண்ணிகள் கடித்திருந்தன. அந்த மூன்றையும் ஒரு நல்ல சட்டை தடுத்திருக்கும்.

கடைகளில் 'காட்டுச் சட்டை' என்று விற்கப்படுபவற்றின் மூதாதை வேட்டைக்காரரின் சட்டைதான். நம் நாட்டில் 1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டமும் 1991இல் அதற்குச் செய்யப்பட்ட திருத்தமும் வேட்டையை ஏறத்தாழ முழுமையாக நிறுத்திவிட்டன. ஆகவே துப்பாக்கிக்கான தோள்பட்டையும் தோட்டாப் பைகளும் நமக்குத் தேவையில்லை. ஆனால் வெயிலில் பல மணி நேரம் நடப்பது, ஓசையின்றி அசைவது, மானும் பறவையும் மிரளாத தொலைவில் நிற்பது ஆகிய தேவைகள் நமக்கும் அப்படியே இருக்கின்றன.

முதலில் பார்க்க வேண்டியது துணி. வெப்ப நாட்டில் உடல் தன்னைக் குளிர்வித்துக்கொள்ளும் முதன்மையான வழி வியர்வை ஆவியாவதுதான். ஒரு லிட்டர் வியர்வை முழுவதும் ஆவியானால் ஏறத்தாழ 580 கிலோ கலோரி வெப்பம் உடலை விட்டு நீங்கும். அதே வியர்வை சொட்டாகக் கீழே விழுந்துவிட்டால் அதனால் எந்தக் குளிர்ச்சியும் இல்லை. எனவே சட்டை வியர்வையைத் தடுக்கவும் கூடாது, வழியவிட்டு வீணாக்கவும் கூடாது. பருத்தி நூல் இயல்பான ஈரப்பதமுள்ள காற்றிலேயே தன் எடையில் சுமார் 8.5 விழுக்காடு நீரை ஏற்று வைத்திருக்கும். பாலியஸ்டர் வைத்திருப்பது வெறும் 0.4 விழுக்காடு. மலையேற்றக் கடைக்காரர்கள் இந்த எண்களைக் காட்டி, பருத்தி நனைந்தால் காயாது, ஆகவே பாலியஸ்டரே மேல் என்பார்கள். பனி விழும் இமயத்தில் அந்த அறிவுரை உயிரைக் காக்கும், ஏனென்றால் அங்கே ஈரச் சட்டை உடலை விறைக்க வைத்துவிடும். சத்தியமங்கலத்தின் முள்காட்டில் மே மாத நண்பகலில் நிலைமை தலைகீழானது. காற்று வறண்டிருப்பதால், பருத்தி பிடித்து வைத்திருக்கும் ஈரம் தோலுக்கு அருகிலேயே மெல்ல ஆவியாகி நெடுநேரம் குளிர்ச்சி தரும். ஓடையில் துண்டை நனைத்துத் தலையில் போட்டுக்கொள்ளும் ஆடு மேய்ப்பவர் செய்வதும் இதையேதான்.

கடற்கரையில் கணக்கு மாறும். கோடியக்கரையிலோ பிச்சாவரத்திலோ காற்றே நீராவியால் நிறைந்திருப்பதால் வியர்வை எளிதில் ஆவியாவதில்லை. கனத்த பருத்திச் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டு இரவு வரை காயாது. அங்கே இன்னும் மெல்லிய பருத்தியோ, லினன் கலந்த துணியோ, நைலான் சிறிதளவு கலந்த நெசவுத் துணியோ நல்லது. தமிழ்நாட்டின் உள்நாட்டுக் காடுகளுக்கு என் தேர்வு முழுப் பருத்திதான். அதற்குத் தீயும் ஒரு காரணம். கோடையில் காய்ந்த புல்வெளிக்கும் சமையல் அடுப்புக்கும் அருகில் நிற்கிறோம். பருத்தியும் தீப்பற்றும் என்பதை மறுக்க முடியாது, ஆனால் அது எரிந்து சாம்பலாகும். பாலியஸ்டரும் நைலானும் உருகித் தோலில் ஒட்டிக்கொள்ளும்.

துணியின் கனத்தைச் சதுர மீட்டருக்கு எத்தனை கிராம் என்று கணக்கிடுவார்கள், ஜவுளிக்கடையில் ஜி.எஸ்.எம். என்று கேட்டால் சொல்வார்கள். 110 முதல் 140 வரை உள்ள நெசவுத் துணி வெயில் காட்டுக்குப் பொருந்தும். அதைவிட மெல்லியதை முள் கிழித்துவிடும், 180க்கு மேல் போனால் புழுக்கம் தாங்காது. பின்னல் துணியைவிட நெசவுத் துணியே எல்லா வகையிலும் நல்லது. திருப்பூர் பனியன் துணி அணிவதற்கு எத்தனை சுகமாக இருந்தாலும், அதன் கண்ணிகள் இழுபடும்போது திறந்துகொள்வதால் கொசுவின் ஊசி உள்ளே நுழையும், முள் மாட்டினால் நூல் உருவிக்கொண்டு வரும். பாப்ளின், ஷாம்பிரே, மெல்லிய ட்வில் ஆகிய மூன்றில் எதுவும் சரி. கைத்தறித் துணியும் நன்றாகவே இருக்கும். ஆனால் நெருக்கமான நெசவாகப் பார்த்து வாங்க வேண்டும்.

நெசவின் நெருக்கமே வெயிலையும் தடுக்கிறது. ஆஸ்திரேலியாவும் நியூசிலாந்தும் 1996இல் வகுத்த அளவீட்டின்படி, ஒரு துணியின் புற ஊதாத் தடுப்பு எண் 50 என்றால் ஐம்பதில் ஒரு பங்கு கதிரே அதைக் கடந்து உள்ளே வரும். சாதாரண வெள்ளைப் பருத்தி டி-ஷர்ட்டின் எண் 7ஐ ஒட்டியே இருக்கும், வியர்வையில் நனைந்து விட்டால் 3க்குக்கூட இறங்கிவிடும். முத்திரையிட்ட விலையுயர்ந்த சட்டையை வாங்கித்தான் ஆக வேண்டும் என்பதில்லை. கடைக்கு வெளியே துணியை வெயிலுக்கு எதிராகப் பிடித்துப் பாருங்கள். நூல்களுக்கு இடையே ஒளிப்புள்ளிகள் வரிசையாகத் தெரிந்தால் அது காட்டுக்கு ஆகாது. பிறகு அதே துணியை வாயில் வைத்து ஊதிப் பாருங்கள். மூச்சு சற்றுத் தடைபட்டேனும் மறுபக்கம் கைக்குத் தெரிய வேண்டும். இந்த இரு சோதனைகளையும் ஒருசேரக் கடக்கும் துணி எளிதில் கிடைக்காது. கிடைத்தால் இரண்டு சட்டைக்கு எடுத்து வைப்பது நல்லது. கலப்படம் உண்டா என்று ஐயம் வந்தால் ஓரத்திலிருந்து ஒரு நூலை உருவி எரித்துப் பார்க்கலாம். பருத்தி தாள் எரிவது போல் மணத்துத் தூளாகும். பாலியஸ்டர் கலந்திருந்தால் நுனியில் கெட்டியான மணி உருளும்.

அடுத்தது நிறம். இதில்தான் தவறான நம்பிக்கைகள் மிகுதி. மானினங்களின் கண்ணில் இரண்டு வகை நிற உணர்விகளே உள்ளன. சிவப்பையும் ஆரஞ்சையும் அவை பச்சையிலிருந்து பிரித்தறிய மாட்டா. நீலத்தை நன்றாக அறியும். எனவே புள்ளிமானின் முன் செங்காவிச் சட்டை அணிந்தவரைவிட நீல ஜீன்ஸ் சட்டை அணிந்தவரே பளிச்சென்று தெரிவார். பறவைகள் நம்மைவிட ஒரு நிறம் கூடுதலாகக் காணும். பல இனங்கள் புற ஊதா ஒளியையும் உணரும். ஆகவே இரு சாராருக்கும் பொதுவாக, மங்கலான மண் நிறமே தகும். வெள்ளை வெப்பத்தை நன்கு திருப்பி அனுப்பினாலும் தொலைவிலிருந்தே அசைவைக் காட்டிக்கொடுக்கும். கறுப்பும் கருநீலமும் கொசுவையும் கடிக்கும் ஈக்களையும் அழைக்கும். மலைத்தேனீக்கள் கலைந்தால் அடர்நிறத்தையே முதலில் தாக்கும் என்பதால், பாறை விளிம்புகளில் தேன்கூடுகள் தொங்கும் இடங்களுக்கு அந்த நிறங்களை ஒருபோதும் அணியக் கூடாது. கோடையில் முள்காடு முழுவதும் காய்ந்த புல்லின் நிறத்தில் இருக்கும். நெல் உமி, காய்ந்த களிமண், சாம்பல் கலந்த பாசி ஆகிய நிறங்கள் அதனோடு கலந்துவிடும்.

முழுக் காக்கி வேண்டாம் என்பேன். 'புழுதி' என்று பொருள்படும் பாரசீகச் சொல்லிலிருந்து பெயர் பெற்று, 19ஆம் நூற்றாண்டின் நடுவில் பெஷாவர் பகுதிப் படையொன்றில் சீருடையான அந்த நிறம், மறைந்து நிற்பதற்கு மிகப் பொருத்தமானதுதான். ஆனால் நம் ஊரில் அது வனத்துறையினரின் உடை. இராணுவப் புள்ளிக்கோலம் அச்சிட்ட சட்டையை இன்னும் கண்டிப்பாகத் தவிர்க்க வேண்டும். இந்திய இராணுவம் 2022இல் அறிமுகப்படுத்திய புதிய சீருடையின் வடிவமைப்பைத் தன் பெயரில் பதிவு செய்திருக்கிறது. அதைப் போன்ற துணியில் பிறர் உலவுவதை அது விரும்பவில்லை. அதைவிடப் பெரிய காரணம் மனிதர்கள். 2004இல் வீரப்பன் கொல்லப்படும் வரை நீண்ட தேடுதல் ஆண்டுகளில் இந்த மலைக் கிராமங்கள் அதிரடிப்படைச் சீருடையால் பட்ட துன்பத்தை அங்குள்ள முதியவர்கள் மறக்கவில்லை. அவர்களிடம் வழி கேட்கவும் தண்ணீர் வாங்கிக் குடிக்கவும் போகும் நாம், அந்த உடையின் சாயலில் வாசலில் போய் நிற்கக் கூடாது.

வெளிர் நிறமா, அடர் நிறமா என்பதைவிடத் தளர்வே வெப்பத்தை மிகுதியும் தீர்மானிக்கிறது. சினாய்ப் பாலைவனத்தின் பெதூயின் மக்கள் கறுப்பு அங்கி அணிவது ஏன் என்று 1980இல் வெளியான ஓர் ஆய்வு அளந்து பார்த்தது. கறுப்புத் துணி மிகுதியாகச் சூடேறினாலும், அங்கி தளர்வாக இருப்பதால் உள்ளே ஓடும் காற்று அதை வெளியேற்றிவிட, தோலைச் சேரும் வெப்பம் வெள்ளை அங்கியில் இருப்பதைப் போன்றே இருந்தது. எனவே வழக்கமான அளவைவிட மார்புச் சுற்றில் நான்கு அங்குலமாவது கூடுதலாக வையுங்கள்.

ஆயத்தச் சட்டையைத் தேடி அலைவதைவிடத் துணி எடுத்துத் தையல்காரரிடம் கொடுப்பதே நான் கண்ட சிறந்த வழி. 58 அங்குல அகலத் துணியானால் நடுத்தர உடலுக்கு 1.60 மீட்டர் போதும் என்பார்கள். தளர்வுக்காக 2 மீட்டர் எடுங்கள். பருத்தி முதல் சலவையில் சுருங்கும் என்பதால் வெட்டுவதற்கு முன் ஓர் இரவு நீரில் ஊறவைத்து உலர்த்திக் கொடுக்க வேண்டும். முழுக்கை கட்டாயம். மணிக்கட்டில் இரண்டு பொத்தான்கள் வைத்தால் உண்ணி மிகுந்த புல்லில் நடக்கும்போது இறுக்கிக்கொள்ளலாம். காலர் பிடரி வரை நிமிர்த்திக்கொள்ளும் உயரம் கொண்டதாகவும், உள்ளே விறைப்பான கேன்வாஸ் வைக்காததாகவும் இருக்கட்டும். அக்குளில் சதுரமாக ஒரு துண்டு வைத்துத் தைக்கச் சொல்லுங்கள். தொலைநோக்கியைத் தூக்கும் ஒவ்வொரு முறையும் சட்டை இடுப்பிலிருந்து மேலேறுவதை அது தடுக்கும். இந்த ஒன்றைப் பெரும்பாலான கடைச் சட்டைகளில் காண முடியாது. முதுகில் தோள்பட்டைக்குக் கீழே ஒரு மடிப்பு விட வேண்டும். நீளம் குனிந்தாலும் இடுப்பு தெரியாத அளவுக்கு வேண்டும். பைகள் இரண்டு போதும், மூடியோடும் பொத்தானோடும். வெல்க்ரோ கூடாது, அதைப் பிரிக்கும் ஒலியில் ஐம்பது அடி தொலைவிலுள்ள மான்கூட்டம் தலைநிமிர்வதைப் பார்த்திருக்கிறேன். முதுகுப்பையின் வார் அழுத்தும் தோளில் தடித்த தையல் வராதபடி, அதைச் சற்று முன்புறமாகத் தள்ளித் தைக்கச் சொல்வதும் நல்லது. துணியின் ஓசையையும் வாங்கும்போதே காதருகில் தேய்த்துப் பார்த்துவிடுங்கள்.

தைத்து வந்த சட்டையை ஐந்தாறு முறை துவைத்த பிறகே காட்டுக்கு அணிய வேண்டும். புதுத் துணியின் கஞ்சி போனால்தான் அது வியர்வையை உறிஞ்சும். துவைக்கும் பொருளிலும் கவனம் தேவை. பல சலவைத் தூள்களில் கலந்துள்ள வெண்மையூட்டிகள் கண்ணுக்குத் தெரியாத புற ஊதா ஒளியை வாங்கி நீல ஒளியாக உமிழ்கின்றன. மான் நன்றாகக் காண்பதும் அந்த நீலத்தைத்தான். ஆகவே அவை கலக்காத எளிய சலவைச் சோப்பே போதும். மணமூட்டும் திரவங்களை முற்றிலும் விலக்குங்கள். விலங்கின் மூக்குக்கு அது எச்சரிக்கை, தேனீக்களுக்குச் சினமூட்டும்.

உண்ணிகளைச் சிறு தொல்லையாக எண்ணக் கூடாது. கர்நாடகத்தின் கியாசனூர் காட்டுப் பகுதியில் 1957இல் கண்டறியப்பட்ட குரங்குக் காய்ச்சல் உண்ணிகளால் பரவுவது. பிற்காலத்தில் அது பந்திப்பூர், நீலகிரிப் பகுதிகளிலும் தென்பட்டிருக்கிறது. புதர்களில் வாழும் நுண்ணிய பூச்சிகளால் வரும் ஸ்கிரப் டைபஸ் காய்ச்சல் தமிழ்நாட்டில் பரவலாக உள்ளது. சட்டையைக் காற்சட்டைக்குள் செருகிக்கொள்வது புழுக்கமாக இருந்தாலும், புல் முழங்காலுக்கு மேல் வளர்ந்த இடங்களில் அதைச் செய்தே ஆக வேண்டும். ஆடைக்கென விற்கப்படும் 0.5 விழுக்காடு பெர்மெத்ரின் என்னும் பூச்சிக்கொல்லித் தெளிப்பைச் சட்டையின் வெளிப்புறத்தில் அடித்து, முழுமையாக உலர்ந்த பின் அணியலாம்; தோலில் படக் கூடாது, ஈரம் காயும் வரை வீட்டுப் பூனையை அருகில் விடவும் கூடாது, ஏனென்றால் பூனைகளுக்கு அது நஞ்சு.

பையில் மாற்றுச் சட்டை ஒன்று எப்போதும் இருக்கட்டும். முதுமலை மேட்டில் வெயில் இறங்கியதும் காற்று விரைவில் குளிர்ந்துவிடும். பகலில் துணையாக இருந்த ஈரப் பருத்தி அப்போது நடுக்கம் தரும். விடுதிக்கோ வீட்டுக்கோ திரும்பியவுடன், அன்று அணிந்த சட்டையைக் கட்டிலில் போடாமல் வாசலிலேயே கழற்றி, காலரின் உட்புறத்தையும் அக்குள் துண்டின் தையலையும் மடிப்புகளையும் விரித்துப் பார்த்து, பிறகு கொதிக்கக் காய்ச்சிய நீரில் ஊறவைத்து, மறுநாள் முழு வெயிலில் காய வையுங்கள்.